பாட்டுக்கு உரியவன் பெயர் எங்கே?

(வெலிமடைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மலைநாட்டு மேடைகளிலே சம்பளத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். காணியைப் பற்றியும், வீட்டைப் பற்றியும், வாக்கைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று நாம் பாட்டைப் பற்றிப் பேச முன்வந்திருக்கின்றோம். "உருளைக்கிழங்குக்கு விலை விழுந்து கிடக்கின்ற நாளிலே, கொழுந்து நிறுவையிலே கழிவு வெட்டுகின்ற நாளிலே, பாட்டு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு நமது விடை இது: பாட்டாளி கட்டிய பாட்டும் அவனது உழைப்பின் விளைச்சலே. விளைச்சலைக் கொண்டு சென்றவர்கள், அதை விளைவித்தவனின் பெயரை எழுதி வைக்கவில்லை. ஆகவே இதுவும் ஒரு கூலிப் பிரச்சினையே.

தோட்டத்திலே ஒரு நாள் வேலையை நமது மக்கள் எந்தச் சொல்லால் குறிக்கின்றார்கள்? 'பேர்' என்கின்றார்கள். முழு நாள் உழைத்தால் ஒரு பேர்; பாதி நாள் என்று கணக்கப்பிள்ளை குறித்துவிட்டால் அரைப் பேர். பேர் விழாத நாளுக்குக் கூலி இல்லை. பெயரும் கூலியும் ஒன்றே என்று நமது மக்களின் பேச்சுமொழியே தீர்ப்பு எழுதி வைத்திருக்கின்றது. அப்படியானால், நூறாண்டுக்கு மேலாக மலைநாட்டிலே பாட்டுக் கட்டிப் பாடிய மனிதர்களுக்கு விழுந்தது எத்தனை பேர்? அதுவே இன்று நாம் ஆராயவேண்டிய பொருள்.

ஓராள் மேளம்

மேல்நாட்டிலே ஒரு வகைப் பாடகர் உண்டு. ஒருவரே பாடுவார், அவரே கையால் நரம்பை மீட்டுவார், அவரே வாயால் குழல் ஊதுவார், அவரே காலால் தாளம் போடுவார். ஒரு மேளக் குழுவுக்குரிய வேலை முழுவதையும் ஓர் உடல் செய்யும். காண்பவர்கள் இதை வித்தை என்று நினைத்துக் கைகொட்டுவார்கள். உண்மையிலே இது வறுமை கற்றுக் கொடுத்த தொழில்நுட்பம். நாலு பேர் கொண்ட குழுவுக்கு நாலு பேருக்கு உணவு வேண்டும், நாலு பேருக்குக் கோச்சிச் சீட்டு வேண்டும், கிடைக்கும் காசை நாலாகப் பங்கிட வேண்டும். ஒருவனே எல்லாம் செய்தால் அந்தக் காசு ஒரு குடும்பத்துக்காவது போதும்.

இது நமக்குப் புதிதன்று. ஒரு கையிலே சேகண்டியும் மறு கையிலே சங்குமாக வீதியிலே வந்த தாதரைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் அறியும். உடுக்கை அடித்துக்கொண்டே பாடிக் குறி சொல்லும் கோடாங்கியை நமது தோட்டங்களும் அறியும். வங்காளத்தின் பாவுல் பாடகர் ஒரு கையிலே ஏகதாராவை மீட்டி, இடுப்பிலே கட்டிய சிறு முழவை மறு கையால் தட்டி, காலிலே சலங்கை ஒலிக்க ஆடிப் பாடுவார். அந்தப் பாவுல் பாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றென யுனெஸ்கோ 2005ஆம் ஆண்டு அறிவித்தது.

மலைநாட்டிலே பெருங்குழுவாக ஆடும் கலைகளும் உண்டு. காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் ஒரு தோட்டமே கூடி நடத்துபவை. அவை காலத்தோடு வருபவை. காப்புக் கட்டி, முறைப்படி நடப்பவை. ஆனால் நேற்று நடந்த அநியாயத்தை இன்று பாட வேண்டுமானால் கூத்துக் கூடும்வரை காத்திருக்க முடியுமா? அங்கேதான் தனிப் பாடகன் வந்து நின்றான். சொல்லும் அவனுடையது, தாளமும் அவனுடையது, அதனால் வரக்கூடிய தண்டனையும் அவனுடையதே.

வேலியைத் தாண்டிய பாட்டு

மலைநாட்டுப் பாட்டின் அச்சு வரலாறு 1869ஆம் ஆண்டு தொடங்குகின்றது என்பர். ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அவ்வாண்டிலே வெளிவந்தது. அது கோப்பிப் பயிர்ச் செய்கையைக் கும்மி மெட்டிலே சொல்லும் நூல். அதன் பார்வை தோட்ட நிருவாகத்தின் பார்வை. கோப்பிக் கூடையைச் சுமந்தவளின் பார்வையன்று. ஆனாலும் அந்த நூல் எழுதியவரின் பெயரோடு அச்சேறியது. ஆகவே இன்றும் வாழ்கின்றது. அதே காலத்திலே லயத்துக் காம்பராவிலே தாலாட்டாகவும், மலையிலே தெம்மாங்காகவும், சாவு வீட்டிலே ஒப்பாரியாகவும் பாடப்பட்டவை எழுதுவார் இன்றிக் காற்றிலே கலந்தன. அவற்றிலே எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1914ஆம் ஆண்டு மடக்கும்புரத் தோட்டத்திலே பிறந்து, 1947ஆம் ஆண்டு தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான அந்தப் பெருமகன், தாம் தொகுத்தவற்றை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983ஆம் ஆண்டிலே நூலாக்கினார். அந்த நூலிலே பாட்டுகள் உள்ளன. அவற்றை முதலிலே கட்டியவர்களின் பெயர்கள் இல்லை. அவருக்கு முன்னமே அவை தொலைந்து போயிருந்தன.

பெயரோடு வந்து பாடியவர்களும் உண்டு. அவர்களுள் முதலிலே நினைக்க வேண்டியவர் மீனாட்சி அம்மை. தஞ்சையிலிருந்து வந்து மலைநாட்டுத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய கோ. நடேசய்யரின் துணைவியார் அவர். தோட்டம் அந்நாளிலே துரையின் தனிச்சொத்து. அழைக்கப்படாதவன் உள்ளே காலடி வைத்தால் அத்துமீறல் வழக்கு. அதனால் நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டத்துக்குள்ளே சென்று நிலைமையை அறிந்தார் என்பது வரலாறு. 1931ஆம் ஆண்டு அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையிலே அற்றன் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். அவர் எழுதினார், பேசினார். கூட்டத்துக்கு வந்த மக்களைப் பாட்டினாலே பிணைத்தவர் மீனாட்சி அம்மை. பாரதியின் பாட்டையும் தாம் கட்டிய பாட்டையும் பாடி, எழுத்தறியாத பெண்களின் நெஞ்சிலே அரசியலை ஏற்றினார்.

ஏன் பாட்டு? எண்ணிப் பாருங்கள். பத்திரிகையைத் தோட்டத்து வாசலிலே தடுக்கலாம். துண்டுப் பிரசுரத்தைப் பிடுங்கிக் கிழிக்கலாம். பேச்சாளனை வழக்கிலே மாட்டலாம். ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை கடைவீதியிலே கேட்டுவந்து, திங்கட்கிழமை கொழுந்து கிள்ளும்போது முணுமுணுக்கின்ற பாட்டை எந்தக் காவற்காரன் சோதித்துப் பறிக்க முடியும்? எழுத்தறியாத மக்களுக்குப் பாட்டே பத்திரிகை. பாடகனே ஆசிரியன், அச்சகத்தான், விநியோகிப்பவன், எல்லாம்.

1939ஆம் ஆண்டு, அரசாங்க வேலைத்தலங்களிலே நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை நீக்குவதற்கு முடிவு செய்தார்கள். நேரு கொழும்புக்கு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரசு பிறந்தது. 1940 ஜனவரியிலே முல்லோயாத் தோட்டத்திலே கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். அதே ஆண்டிலே நமது ஊவாவிலே வேவெஸ்ஸத் தோட்டத்து மக்கள் வேலைநிறுத்தத்திலே உறுதியாக நின்றார்கள். அந்த 1940ஆம் ஆண்டிலேதான் மீனாட்சி அம்மை 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் தமது பாட்டு நூலை வெளியிட்டார். அட்டையிலே அவரது பெயர் இருந்தது. அதனாலேயே இன்று நாம் அவரை நினைக்க முடிகின்றது.

கோச்சியிலே விற்ற புத்தகம்

அடுத்து வந்தது சிறு புத்தகப் பாடகர்களின் காலம். சென்னையிலே குசிலிக் கடைப் புத்தகம் என்று ஒரு வகை இருந்தது. கொலை நடந்தாலும், வெள்ளம் வந்தாலும், விலை ஏறினாலும் உடனே பாட்டாகக் கட்டி, மலிவான தாளிலே அச்சிட்டு, பாடிப் பாடி விற்பார்கள். அந்த மரபு கடல் கடந்து மலைநாட்டுக்கும் வந்தது. எம்.பி. வேல்சாமிதாசன், பெரியாம்பிள்ளை, எஸ்.எஸ். நாதன், ஜில் சுல்தான் போன்றோரின் பெயர்கள் இந்த வரிசையிலே எஞ்சியிருக்கின்றன.

இந்தத் தொழில் நடந்த விதத்தைக் கவனியுங்கள். பாடகன் தானே பாட்டைக் கட்டுவான். சொந்தக் காசையோ கடனையோ கொடுத்துச் சில பக்கங்களை அச்சிடுவான். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன பாட்டின் மெட்டு என்று குறித்திருக்கும். பெரும்பாலும் அது அப்போது எல்லோரும் அறிந்த சினிமாப் பாட்டின் மெட்டு. இதனால் வாங்கியவனுக்கு இசைக் கல்வி வேண்டியதில்லை. மெட்டு முன்னமே அவன் காதிலே இருந்தது, புதுச் சொல்லை அதிலே ஏற்றினால் போதும். பிறகு பாடகன் சம்பள நாளைப் பார்த்துக் கடைவீதியிலும், திருவிழாவிலும், கோச்சிப் பெட்டியிலும் நின்று பாடுவான். பதுளை வரைக்கும் இருப்புப்பாதை 1924ஆம் ஆண்டிலே வந்து சேர்ந்தது. மலைநாட்டுக் கோச்சியோ மெதுவாக ஏறுவது. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே ஒரு பாட்டை முழுமையாகப் பாடி முடித்துப் புத்தகத்தையும் விற்றுவிடலாம். அவனுக்கு அதுவே சபா, அதுவே மேடை.

எதைப் பாடினார்கள்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நமது மக்களை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுத் திருத்தம் வாக்கைப் பறித்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பிலே ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், பதுளைத் தொகுதியிலே எஸ்.எம். சுப்பையாவை வெல்ல வைத்த மக்கள், அடுத்த தேர்தலிலே வாக்குச்சாவடிக்குப் போக வழியற்று நின்றார்கள். அந்தச் சட்டத்தின் பிரிவும் உட்பிரிவும் படித்தவனுக்கே விளங்காதவை. அவற்றின் பொருளைத் தாளத்தோடு சேர்த்து, லயத்து வாசலிலே இருந்த கிழவிக்கும் விளங்கும்படி சொன்னவன் இந்தப் பாடகன். வழக்கறிஞரும் பாராளுமன்ற உறுப்பினரும் செய்ய வேண்டிய வேலையிலே பாதியை அவன் செய்தான்.

படித்தவர் கூட்டம் அவனை மதித்ததா? "சினிமா மெட்டு, இலக்கணம் இல்லை, கோச்சியிலே பாடிப் பிழைப்பவன்" என்று ஒதுக்கியது. மெட்டை இரவல் வாங்குவது குற்றமென்றால் முதற் குற்றவாளி பாரதியார் ஆவார்! கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திர மெட்டுகளை எடுத்து அந்நிய ஆட்சியை நையாண்டி செய்தவர் அவரே அல்லவா? மக்கள் அறிந்த மெட்டிலே புதிய கருத்தை ஏற்றுவது மக்கள் கவிஞனுக்குரிய பழைய உரிமை.

ஜோர்ஜியாவிலே பிறந்த ஒரு கூலியாள்

இந்த இடத்திலே கடல்கடந்த ஒரு பாட்டாளியின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். நமது பாடகர்களுக்கு நேர்ந்ததும் அவருக்கு நேர்ந்ததும் எங்கே ஒத்தன, எங்கே பிரிந்தன என்று பார்த்தால் நாம் செய்யவேண்டியது தெளிவாகும்.

அமெரிக்காவின் தென்பகுதியிலே ஜோர்ஜியா என்பது பருத்தி விளையும் மாநிலம். அங்கே ஜோன்ஸ்பரோ என்னும் ஊரிலே 1896ஆம் ஆண்டு ஜெஸ்ஸி ஃபுல்லர் என்னும் கறுப்பினக் குழந்தை பிறந்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்து முப்பத்தோராண்டுதான் ஆகியிருந்தது. தாய் வறுமையினாலே குழந்தையை வேறொரு குடும்பத்திடம் ஒப்படைத்தாள், அவர்கள் கொடுமைப்படுத்தினார்கள், சிறுவன் அங்கிருந்து ஓடினான். பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. மாடு மேய்த்தான், கல் உடைக்கும் இடத்திலே உழைத்தான், இருப்புப்பாதை வேலை செய்தான். வேலை செய்கின்ற கூட்டத்தார் பாடிய பாட்டுகளே அவனுக்குப் பாடசாலை.

இருபதுகளிலே லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குப் போனார். மரத்தாலே பொம்மைப் பாம்பு செதுக்கி விற்றார். திரைப்படக் கலையகத்தின் அருகே சப்பாத்துத் துடைத்தார். அங்கே டக்ளஸ் ஃபெயர்பாங்ஸ் என்னும் பெரும் நடிகரின் கண்ணிலே பட்டு, 1924ஆம் ஆண்டிலே வெளிவந்த 'பாக்தாத் திருடன்' படத்திலே சிறு வேடத்திலே தோன்றினார். அதனாலே வாழ்வு மாறவில்லை. 1929ஆம் ஆண்டு ஓக்லாந்து நகரத்திலே குடியேறி, மீண்டும் இருப்புப்பாதைத் தொழிலாளியானார். இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தலத்திலே உழைத்தார். போர் முடிந்தது, வேலையும் குறைந்தது. ஐம்பது வயதைக் கடந்த கறுப்பினக் கூலியாளுக்கு யார் வேலை கொடுப்பார்?

அப்போதுதான், 1951ஆம் ஆண்டளவிலே, பாட்டையே தொழிலாகக் கொள்வதென்று துணிந்தார். கூட வாசிக்கச் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் ஆட்கள் அகப்படவில்லை. சரி, நாமே எல்லோருமாவோம் என்று முடிவு செய்தார். கையிலே பன்னிரண்டு நரம்புக் கித்தார். கழுத்திலே மாட்டிய சட்டத்திலே மௌத்தார்கன். அதனருகே வாயாலே ஊதும் கசூ என்னும் சிறு குழல். இடக்காலின் கீழே தாளத் தட்டு. தாழ்ந்த சுருதிக்கு ஒரு வாத்தியம் தேவைப்பட்டது. கடையிலே அப்படி ஒன்று இல்லை. தாமே ஒன்று செய்தார். பெட்டி ஒன்றிலே ஆறு தடித்த கம்பிகளைக் கட்டி, பியானோவுக்கு உள்ளதுபோல மெத்தை வைத்த சிறு சுத்தியல்களைப் பொருத்தி, அவற்றை வலக்காலால் மிதித்து ஒலிக்கச் செய்தார். 'ஃபொட்டெல்லா' என்று அதற்குப் பெயர் வந்தது. வைத்தவர் அவருடைய மனைவி. இசைக் கல்லூரி கண்டறியாத ஒரு மனிதர், இருப்புப்பாதையிலும் கப்பல் தலத்திலும் பழகிய கைத்திறமையைக் கொண்டு ஒரு புது வாத்தியத்தையே படைத்தார். ஓடாத இயந்திரத்தைக் கைக்குக் கிடைத்த கம்பியாலும் வாராலும் ஓட வைக்கின்ற நமது தேயிலைத் தொழிற்சாலை இயந்திரக்காரரும், கிணற்றுப் பம்பைத் தாமே பழுது பார்க்கின்ற வெலிமடை மரக்கறித் தோட்டக்காரரும் இந்த மனிதரை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

1954ஆம் ஆண்டு அவர் 'சான்பிரான்சிஸ்கோ பே புளூஸ்' என்னும் பாட்டைக் கட்டினார். அடுத்த ஆண்டிலே அது இசைத்தட்டிலே ஏறியது. அதிலேதான் அவரது கதை திரும்புகின்றது. அந்தத் தட்டைக் கேட்டு மற்றவர்கள் பாடத் தொடங்கினார்கள். இங்கிலாந்து அவரை அழைத்தது, ஐரோப்பாவிலும் பாடினார். பின்னாளிலே நோபல் பரிசு பெற்ற பொப் டிலன், இளைஞராக இருந்தபோது ஃபுல்லரைக் கண்டவர். 1962ஆம் ஆண்டு வெளிவந்த தமது முதல் இசைத்தட்டையே ஃபுல்லரின் பாட்டு ஒன்றோடுதான் தொடங்கினார். ஃபுல்லர் 1976ஆம் ஆண்டு ஓக்லாந்திலே காலமானார். அவர் இறந்து பதினாறாண்டுக்குப் பின்னர், 1992ஆம் ஆண்டிலே எரிக் கிளாப்டன் அதே பாட்டைப் பாடி வெளியிட்டார். உலகமெங்கும் அது விற்றது. பாடியவர் கிளாப்டன், ஆனால் பாட்டை ஆக்கியவர் என்ற இடத்திலே ஜெஸ்ஸி ஃபுல்லர் என்னும் கூலியாளின் பெயர் அச்சாகியிருந்தது.

அவருக்குக் கிடைத்தது, நமக்குக் கிடைக்காதது

நமது பாடகனுக்கும் அவருக்கும் என்ன வேற்றுமை? இருவரும் தோட்டப் பயிரின் நிழலிலே பிறந்த கூலி மக்கள். இருவரும் பள்ளி காணாதவர்கள். இருவரும் தாமே பாட்டுக் கட்டித் தாமே வாசித்துத் தாமே பிழைத்தவர்கள். நிறத்தின் பெயராலே அவர் மிதிக்கப்பட்டார். குலத்தின் பெயராலும் நாடற்றவன் என்னும் பெயராலும் இவன் மிதிக்கப்பட்டான். திறமையிலே குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. வேற்றுமை மூன்றே.

முதலாவது, அவரது குரலை ஒருவர் பதிவு செய்தார். இரண்டாவது, பதிவின் மேலே அவரது பெயரை எழுதினார். மூன்றாவது, பெயருக்கு உரிமை உண்டு என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. இந்த மூன்றும் சேர்ந்தபோது, காற்றோடு போகவேண்டிய பாட்டு சொத்தாக மாறியது. நமது பாடகனுக்குக் குரற்பதிவு இல்லை. அச்சேறிய சிறு புத்தகமும் மலிவுத் தாள். மலைநாட்டு ஈரத்திலே சில ஆண்டுகளிலே மக்கிப் போனது.

மக்கியது தாள் மட்டுமா? 1964 ஒக்டோபரிலே சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிகுதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு என்று, மூட்டை பிரிப்பதுபோல மக்களைப் பிரித்தார்கள். தலைமன்னாரை நோக்கி இறங்கிய வண்டியை 'ஒப்பாரிக் கோச்சி' என்று மக்கள் அழைத்தார்கள். முன்பு பாடகன் நின்று பாடிய அதே பாதையிலே பாடகனும் போனான், கேட்டவனும் போனான். பெட்டியின் அடியிலே வைத்த பாட்டுப் புத்தகங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் எந்த வீட்டுப் பரணிலே கிடக்கின்றனவோ! இங்கே எஞ்சியவற்றிலும் எத்தனையோ 1983 ஜூலையிலே பதுளை எரிந்தபோது, ஏனைய ஊர்கள் எரிந்தபோது, வீடுகளோடு சாம்பலாயின.

நாம் செய்யவேண்டியது

துயரத்தை எண்ணிப் பெருமூச்செறிந்து கலைவதற்கு நாம் கூடவில்லை. செய்யக்கூடிய வேலை இருக்கின்றது. அது பெரும் பணம் கேட்கின்ற வேலையுமன்று.

ஆசிரியர்களே! உங்கள் மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலே உள்ள மூத்தவரிடம் ஒரு பாட்டையாவது கேட்டு எழுதி வரட்டும். பாட்டோடு நிற்க வேண்டாம். யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, யாரிடம் கற்றது, எந்த மெட்டு என்று ஐந்து கேள்வியையும் கேட்டு எழுதட்டும். இன்று ஒவ்வொரு கையிலும் கைத்தொலைபேசி இருக்கின்றது. ஃபுல்லரின் குரலைப் பிடிக்க அன்று ஒரு கலையகம் தேவைப்பட்டது. உங்கள் பாட்டியின் குரலைப் பிடிக்க இன்று சட்டைப் பையிலே உள்ள கருவி போதும்.

உத்தியோகத்தர்களே! பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். அட்டை கிழிந்த சிறு புத்தகம் ஒன்று கிடைத்தாலும் கழிவுத் தாளோடு எறியாதீர்கள். இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் படம் பிடித்து எல்லோரும் படிக்கும்படி வைக்கின்ற பணியை நூலகம் நிறுவனம் 2005ஆம் ஆண்டிலிருந்து செய்து வருகின்றது. அங்கே சேர்ந்த புத்தகத்தைக் கரையான் தின்னாது. கலவரக்காரன் தீயும் சுடாது.

வழக்கறிஞர்களே! 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாட்டை ஆக்கியவரின் உரிமை அவரது வாழ்நாளிலும், அவர் இறந்த பின்னர் எழுபது ஆண்டுகளும் நிலைக்கின்றது. 1960களிலே பாடியவர்களின் பிள்ளைகளுக்கு இன்றும் உரிமை உண்டு என்பதே இதன் பொருள். அவர்களோ தங்களுக்கு அப்படியொரு சொத்து இருப்பதையே அறியார்கள். அதை எடுத்துச் சொல்வது உங்கள் கடமை. தோட்டப் பாட்டை எடுத்து மேடையிலும் திரையிலும் பாடுகின்றவர்கள் 'நாட்டுப்புறப் பாடல்' என்று ஒரு சொல்லிலே கடந்து போகின்றார்கள். ஆக்கியவர் தெரியாதபோது அப்படிச் சொல்லலாம். தெரிந்தும் சொன்னால் அது திருட்டு.

விவசாயத் தோழர்களே, தோட்டத் தோழர்களே! திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து ஒலிபெருக்கியும் இசைக் குழுவும் வரவழைக்க ஊர்ப்பணம் செலவாகின்றது. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே மேடையிலே அரை மணி நேரத்தை நமது தோட்டத்துப் பாடகருக்கு ஒதுக்குங்கள். தப்படிக்கின்றவருக்கும் உடுக்கடிக்கின்றவருக்கும் சாராயத்தையும் பழைய வேட்டியையும் கொடுத்து அனுப்புகின்ற வழக்கத்தை விடுங்கள். பேசிய கூலியைப் பணமாக, சபையறிய, கையிலே கொடுங்கள். அந்தத் தப்புத்தான் விடியற்காலையிலே நமது பாட்டன்மாரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. அந்தத் தப்புத்தான் அவர்களைக் கடைசியிலே மண்ணுக்கு வழியனுப்பியது. அதை அடித்தவனைக் கீழே நிறுத்திவிட்டு நாம் மேலே போனதாக எண்ணினால் அது மேலே போனதாகாது.

பெரியோர்களே! 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு, நாடற்றவர் என்னும் சொல் சட்டப் புத்தகத்திலே நம்மை விட்டு நீங்கியது. அதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. நாடு கிடைத்தது, பிரசாவுரிமை கிடைத்தது. நமது பாட்டுக்கு இன்னும் பிரசாவுரிமை கிடைக்கவில்லை. அதை வழங்கப் பாராளுமன்றம் வேண்டியதில்லை; ஒப்பந்தம் வேண்டியதில்லை; நமது கையிலே ஒரு கொப்பியும் பேனாவும் போதும்.

மஸ்டர் புத்தகத்திலே பேர் போடாமல் விட்டால் கணக்கப்பிள்ளையோடு வாதாடுகின்ற மக்கள் நாம். வரலாற்றுப் புத்தகத்திலே பேர் போடாமல் விட்டவர்களோடும் அவ்வாறே வாதாடுவோம். இந்தக் கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருவரும் ஒரு பாட்டை, ஒரு பாடகரின் பெயரோடு எழுதுங்கள். உழைத்தவனுக்குப் பேர் விழட்டும்.